தாய்க்கொடியின் நிழல்

சித்தப்பா சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மார்கழி மாதம், காப்பிச் செடிகளை விட்டுப் பனி இன்னும் இறங்காத நேரம். சட்டைப்பையிலிருந்து மடித்த பேப்பர் துண்டு ஒன்றை எடுத்துத் திண்ணையில் விரித்தார். உள்ளே நாலைந்து தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) இலைகள். பாதி பச்சை, பாதி மஞ்சள், இடையிடையே பழுப்பில் பொடிப்பொடிப் புள்ளிகள். “உங்கிட்ட வாங்குன எண்பது பை நாத்தையும் நட்டேன் தாயி. கொடியில ஒரு எலகூட நிக்க மாட்டேங்குது. தொட்டா உதிருது” என்றார். அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்தார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டார். பண்ணைக்காட்டுக்காரர். ரத்த சொந்தம் கிடையாது. அப்பாவோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வந்த பழக்கம், அதனால் சித்தப்பா.

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு காரணம் சொல்லி மனதை ஆற்றியிருப்பேன். மழை அதிகம், மண் சரியில்லை, நட்ட ஆழம் சரியில்லை என்று எதையாவது. ஆனால் திண்ணையில் கிடந்த அந்தப் புள்ளிகளை நான் முன்னமே பார்த்திருந்தேன். ஐப்பசியில் அவர் ஜீப் கொண்டுவந்து பைகளை ஏற்றுவதற்கு முதல் நாள், பத்துப் பதினைந்து பைகளில் அதே புள்ளி. “பார்வைக்கு நல்லா இருக்காதே” என்று அந்த இலைகளை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு, மேலே இளந்தளிர் இருப்பதால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அனுப்பினேன். அப்போது அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. நாற்று வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கிள்ளிப்போட்ட இலைகளைப் பற்றித்தான்.

பந்தலுக்குக் கீழே

எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். மற்ற தோட்டங்களைப் போலத்தான்: காப்பிக்கு நடுவே மிளகு, மலைவாழை, வேலியோரம் இரண்டு பட்டர் ஃப்ரூட் மரம். வீட்டுக்குப் பின்னால் பந்தலில் ஒரு தாட்பூட் கொடி. கீழே ஜூஸ் கடைகளில் பேஷன் ஃப்ரூட் என்று எழுதியிருப்பார்களே, அதேதான். மலையில் நன்றாக வரும் கருஞ்சிவப்பு வகை. கொடைக்கானல் ரோட்டில் கடை போடுகிறவர்கள் இதைத் தேடி வர ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாற்று கேட்டார்கள். சரி, காப்பி நாற்று போட்டுப் பழகிய கைதானே என்று அந்த ஆடியில் துணிந்து 360 பை போட்டேன்.

முளைக்க வைப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நன்றாகப் பழுத்துத் தோல் சுருங்கிய பழத்தை வெட்டி, சாறோடு விதையை மண்சட்டியில் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால், விதையைச் சுற்றியுள்ள சவ்வு கழன்றுவிடும். கழுவி நிழலில் உலர்த்தி, சூட்டோடு சூடாக விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை எட்டிப்பார்க்கும். முதலில் வருகிற இலைகளுக்குப் பிளவு இருக்காது. வெற்றிலைக் கன்று மாதிரி இருக்கும். பார்க்க வருகிறவர்கள் “இது தாட்பூட்தானா?” என்று சந்தேகப்படுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் மூன்று விரல் விரித்த மாதிரி இலை வரும். இலைக்காம்பில் இரண்டு சின்ன முண்டு இருக்கும், அதில் தேன் கசியும், எறும்பு ஏறும். அந்த எறும்பைப் பார்த்துப் பயந்து மருந்தடிக்க ஓடுகிறவர்கள் உண்டு. அதனால் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம்.

சிரமம் எங்கே வந்தது என்றால், இடத்தில். நிழல்வலை வாங்கக் காசில்லை. நிழல் வேண்டும். தாய்க்கொடியின் பந்தல் இருக்கிறதே, அதைவிட நல்ல நிழல் எது என்று 300 பைகளை அதன் கீழே அடுக்கினேன். தாய்க்குக் கீழே பிள்ளைகள் இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னதாக ஞாபகம். மீதி 60 பைகளுக்குப் பந்தலில் இடமில்லாமல் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷின் இருக்கிற கொட்டகையின் தகரச் சரிவுக்குக் கீழே, சுவரை ஒட்டி வைத்தேன். பந்தல் நாற்றுகளுக்குக் காலையிலும் சாயங்காலமும் பூவாளியால் தண்ணீர். கொட்டகைப் பக்கம் தகரம் தாழ்ந்திருக்கும், குனிந்து பூவாளியைச் சாய்க்க முடியாது. அதனால் அந்த 60 பைகளுக்கு ஒருவேளை மட்டும், மிச்சமிருக்கும் தண்ணீரைச் சொம்பில் மோந்து பையின் வாயில் ஊற்றுவேன். சில நாள் மறந்தும் போவேன். யாராவது நாற்று பார்க்க வந்தால் பந்தலுக்குத்தான் கூட்டிப்போவேன்.

புரட்டாசிக் கடைசியில் முதல் புள்ளிகள். அடி இலைகளில், மிளகில் பாதிகூட இருக்காது, வெளிர்ப்பழுப்பு. சத்துக்குறை என்று நினைத்துக் கொஞ்சம் யூரியா கரைத்து ஊற்றினேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. இலை கொழுகொழுவென்று மென்மையாக வந்தது, நோய்க்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் புள்ளிகள் மேலே ஏறின. இந்த நோயில் என்னை ஏமாற்றியது எதுவென்றால், புள்ளி பெரிதாகாமலேயே இலை உதிரும். மற்ற நோய்களில் இலை பாதி கருகி, சுருண்டு, பார்க்கவே பயங்கரமாகிய பிறகு விழும். இதில் இரண்டே இரண்டு புள்ளி இருக்கும், மீதி இலை பச்சையாகக்கூட இருக்கும், தொட்டால் காம்போடு கையில் வந்துவிடும்.

கீழே ஒரு மருந்துக்கடையில் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். படத்தை இரண்டு விநாடி பார்த்துவிட்டு ஒரு பூச்சி மருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, ஒரு டானிக் என்று மூன்றைக் கையில் கொடுத்து, மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். ஒரு வாரத்தில் பாதி நாற்றின் கொழுந்து நுனி கருகியது. புள்ளியும் நிற்கவில்லை. கருகலைச் சரிக்கட்ட இன்னும் தண்ணீர். அந்தக் கடையைக் குறை சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. என்ன நோய் என்று தெரியாமல் மருந்து கேட்டது நான்.

டிபன் பாக்ஸில் ஓர் இரவு

சித்தப்பா போன பிறகு அந்த இலைகளைத் தூக்கி எறிய முடியவில்லை. காப்பியில் காய்த்துளைப்பான் போட்ட ஓட்டையைப் பார்க்க அப்பா ஒரு கை லென்ஸ் வைத்திருந்தார், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். அதை எடுத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். வெறுங்கண்ணுக்கு வெறும் பழுப்புப் புள்ளியாகத் தெரிந்ததன் நடுவே, ஊசிமுனையால் மையைத் தொட்டுக் குத்தின மாதிரி கருப்புப் பொட்டுகள். ஒரு புள்ளியில் ஐந்து, இன்னொன்றில் எட்டு. அழுக்கா என்று நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. இலைக்குள்ளேயே பதிந்திருந்தன.

பக்கத்துத் தோட்டத்தில் வேளாண்மை படித்த தம்பி ஒருவன் இருக்கிறான். போனில் சொன்னதும், “அக்கா, ஈரத்துணியை டிபன் பாக்ஸில் விரித்து, அந்த இலையை வைத்து ராத்திரி மூடிவையுங்கள். காலையில் பாருங்கள்” என்றான். வைத்தேன். காலையில் திறந்து லென்ஸைப் பிடித்தபோது என் கை நடுங்கியது, மிகையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு கருப்புப் பொட்டின் வாயிலிருந்தும் வெள்ளையாக, பிசுபிசுப்பாக, பற்பசைக் குழாயை அழுத்தினால் வருவது போல ஓர் இழை சுருண்டு வெளியே வந்திருந்தது. ஓர் இழையில் ஆயிரக்கணக்கான பூஞ்சாண வித்துகள். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடுவை. இலை காய்ந்திருக்கும்வரை வாயைத் திறக்காது. ஈரம் பட்டதும் உள்ளே உள்ளதைப் பிதுக்கித் தள்ளும். படத்தைப் பார்த்த தம்பி “செப்டோரியாவாகத்தான் இருக்கும்” என்றான். முழுப்பெயர் செப்டோரியா பாசிஃப்ளோரிகோலா, தாட்பூட் குடும்பத்தைப் பிடிக்கிற பூஞ்சாணம்.

பெயர் தெரிந்ததைவிட அவன் அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. “அந்த இழை பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அக்கா. காற்றில் பறக்காது. தண்ணீர் பட்டுக் கரைந்தால்தான் கிளம்பும். துளி தெறிக்கிற இடத்துக்குத்தான் போகும்.”

காப்பிக்காரர்களான எங்களுக்கு இலை நோய் என்றாலே காற்றுதான் நினைவுக்கு வரும். இலங்கையில் காப்பியை அழித்த துரு நோயின் கதை இந்த மலையில் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 1869இல் அந்தப் பூஞ்சாணத்துக்குப் பெயர் வைத்தார்கள். நம் பக்கத்துச் சனங்கள் போய் உழைத்த தோட்டங்கள் அவை. 1880இல் அங்கே அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி, கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காப்பிக்கு நடுவே தொங்கவிட்டு, பறந்து வந்து ஒட்டிய வித்துகளைப் பிடித்துக் காட்டினார். துரு காற்றில் வருகிறது. காற்றை யாரால் தடுக்க முடியும்? அந்த நினைப்பில்தான் நானும் இருந்தேன். எங்கிருந்தோ வந்துவிட்டது, என் கையில் என்ன இருக்கிறது என்று. தண்ணீரில்தான் போகும் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. மழைக்கு அடுத்தபடி அந்த நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டது யார்?

எழுந்து கொட்டகைக்குப் போனேன். அந்த 60 பைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். நான்கில் மட்டும் புள்ளி. அந்த நான்கும் தகரச் சரிவை விட்டு ஒரு சாண் வெளியே தள்ளியிருந்தவை. மீதி 56 பைகள், நான் பாதி நாள் மறந்துபோன பைகள், கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் இலைகள் கழுவித் துடைத்தது போல இருந்தன. அப்புறம் பந்தலுக்கு வந்து முதல்முறையாக நாற்றை விட்டுவிட்டு மேலே பார்த்தேன். ஆறு வருடத்துக் கொடி. உள்பக்கம் வெயில் புகாத இடமெல்லாம் பழுத்த இலை, எல்லாவற்றிலும் புள்ளி. பழத்துக்குக் குறைவில்லாததால் அதை நான் நோயாகவே எண்ணவில்லை. வயதான கொடிக்கு இலை பழுப்பது இயல்பு என்று விட்டிருந்தேன். இரவெல்லாம் அதன் மேல் பனி இறங்கி, ஒவ்வோர் இலையின் நுனியிலிருந்தும் சொட்டுச் சொட்டாக நாற்றின் மேல். உதிர்ந்த இலைகளை வேறு மூடாக்கு என்று பைகளுக்கு இடையிலேயே விட்டிருந்தேன்.

அதோடு மனம் நிற்கவில்லை. பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை ஒரு குச்சியில் நெட்டுக்குக் கட்டிப் பைகளுக்கு நடுவே ஊன்றிவைத்து, வழக்கம் போலப் பூவாளியைத் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். தாளில் மண் துளிகள் முழங்கால் உயரம்வரை தெறித்திருந்தன. நாற்றுகளின் உயரம் அதைவிடக் குறைவு. சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் விடியும்வரை இலையில் காயாது. இலைமேல் ஈரப்படலம் மணிக்கணக்கில் நின்றால்தான் வித்து முளைத்து உள்ளே இறங்க முடியும். மேலேயிருந்து தாய்க்கொடி, கீழேயிருந்து உதிர்ந்த இலை, நடுவே காலையும் மாலையும் நான். நோயைப் பரப்ப யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

மருந்து வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஆனால் மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்த பிறகுதான் அதை மதிக்கவே முடிந்தது. தாமிர மருந்துகளும் மேன்கோசெப் போன்றவையும் இலையின் மேல் படிந்து உட்கார்ந்திருக்கும் காவல்காரர்கள். வந்து விழுகிற வித்து முளைக்காமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. விழுந்த புள்ளி மறையாது. அடித்த பிறகு விரிகிற புது இலையில் மருந்தே இருக்காது, தாட்பூட் நாற்றோ சில நாளுக்கு ஓர் இலை விடுகிற செடி. பலத்த மழை கழுவிக்கொண்டும் போய்விடும். “ஒருதரம் அடிச்சேன், கேக்கல” என்று சொல்கிறவர்களிடம் எப்போது அடித்தீர்கள், இலைக்கு அடியில் பட்டதா, அப்புறம் எத்தனை மழை என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

எனக்குக் கை பழகியது போர்டோ கலவை. காப்பிக்கு அடிப்பதற்கு ஒரு சதவீதம்: ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில், வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து சாலையோரக் கொடிகளில் தெளித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்து, மில்லார்டே என்ற பேராசிரியர் 1885இல் இந்தக் கலவையை உலகத்துக்குச் சொன்னார். எந்தச் செடியில் நோய் இல்லை என்று பார்த்த கண்தான் அங்கே வேலை செய்திருக்கிறது. எனக்குக் கொட்டகைப் பைகளைப் பார்க்க மூன்று மாதம் ஆனது.

பிஞ்சு நாற்றுக்கு ஒரு சதவீதம் எனக்குத் துணிச்சலில்லை. இளம் இலை கருகிவிடும். பாதி அளவுதான் போடுகிறேன்: 10 லிட்டருக்கு 50 கிராம் துத்தம், 50 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்து அடியில் படியும். தகர வாளி, இரும்பு வாளி கூடாது. கலந்ததும் ஒரு பளபளப்பான அரிவாள் நுனியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பார்ப்போம். செம்பு நிறத்தில் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட வேண்டும். செம்பு படியாமல் போகும்வரை சுண்ணாம்புப் பால் சேர்க்காமல் செடிக்கு அடித்தால் இலை வெந்துபோகும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சுண்ணாம்பு கிடைக்காத காலத்தில் கடையில் விற்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு இருக்கிறது, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாமல், வேறு எதோடும் கலக்காமல் தனியாக. எந்த மருந்தானாலும் காலையில் இலை காய்ந்த பிறகு, இலைக்கு அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. மூக்கையும் வாயையும் மூடி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அடியுங்கள். சுண்ணாம்பும் துத்தமும்தானே என்று வெறுங்கையால் கலக்கிக் கண்ணெரிச்சலோடு இரண்டு நாள் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் புள்ளியும் இதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி பெரிதாக, வளையம் வளையமாக, சுற்றிலும் மஞ்சள் விளிம்போடு இருந்தால் பெரும்பாலும் ஆல்டர்னேரியா. அது காற்றிலும் வரும், தண்டையும் பிடிக்கும், அங்கே வேடிக்கை பார்த்தால் கொடியே நுனியிலிருந்து காயும். இலை ஓரத்திலிருந்து வெந்நீர் பட்டது போல ஊறிக் கருகி உள்ளே போனால் அது வேறு நோய். முளைத்த ஒரு வாரத்தில் தரையோடு மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல், மண்ணில் தண்ணீர் நிற்பதன் வேலை. அதற்கு விதைக்கும்போதே மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலப்பதுதான் நல்லது. இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து சுருங்கினால் அது வைரஸ், எந்த மருந்தும் கேட்காது, பையோடு தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். இவ்வளவையும் போன் படத்தில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு லென்ஸ், ஒரு டிபன் பாக்ஸ், ஓர் இரவு. அதைச் செய்யாமல் மருந்துக்கடை வாசலை மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

யார் பாடு?

அந்த வருடம் பந்தலில் மிச்சமிருந்த நாற்றுகளை நான் விற்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் பை. இலைகளைக் கூட்டிப் பள்ளத்தில் போட்டு எரித்தேன், பைகளை வெட்டி மண்ணைத் தனியாகக் கொட்டினேன். காப்பி எடுக்க வரும் அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். “ஏம்மா, மருந்தடிச்சுத் தளிர் விட்டதும் குடுத்துறலாமே. வாங்குறவங்க பாத்துக்க மாட்டாங்களா?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பெரும்பாலானோர் நினைப்பது அதுதான். நாற்று வாசலைத் தாண்டினால் நட்டவர் பாடு. சீக்கு வருவது சகஜம், யார் தோட்டத்தில்தான் இல்லை.

இந்தப் பேச்சோடுதான் எனக்கு மூன்று வருடமாக உள்ளுக்குள் வழக்கு. காற்றில் வரும் நோய்க்கு அப்படிச் சொல்லிவிடலாம். இந்த நோய்க்குச் சொல்ல முடியாது. துளி தெறிக்கிற தூரத்துக்கு மேல் இதற்குக் கால் கிடையாது. தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காட்டுக்கு இது தானாகப் போகவே முடியாது. நான் ஏற்றிவிட்ட ஜீப்பில்தான் போனது. அதுவும் இலையைக் கிள்ளிவிட்டதால் அடையாளம் தெரியாமல் போனது. கிள்ளாமல் விட்டிருந்தாலாவது சித்தப்பா கண்ணில் பட்டிருக்கும், அவர் “இது என்ன தாயி” என்று கேட்டிருப்பார். இறங்கிய நோய் புள்ளியாக வெளியே தெரிய நாள் பிடிக்கும் என்பதால், கண்ணுக்குச் சுத்தமாக இருந்த மற்றப் பைகளும் அன்றைக்கு உண்மையில் சுத்தம் இல்லை. வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், கண்ணுக்கே தெரியாததை அவர் எப்படிப் பார்ப்பார்? அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்த மூன்று மாதமும் நாற்றோடு இருந்த எனக்கு மட்டும்தான் இருந்தது.

அதனால் சில விஷயங்களை மாற்றினேன். தாய்க்கொடியை இடுப்பளவுக்கு வெட்டி, காய்ந்த உள்கொடிகளையெல்லாம் இழுத்துப் போட்டேன். வெயிலும் காற்றும் புகுந்து இப்போது அதுவே பாதி நோயைத் தானாக விட்டுவிட்டது. நாற்றுகள் அதன் பக்கமே வருவதில்லை, வீட்டின் கிழக்கே, காலை வெயில் முதலில் விழுகிற இடத்தில் நிழல்வலையும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் போட்ட சின்னக் கூடாரம். மழையும் பனியும் மேலே படாது. பைகளைத் தரையில் வைக்காமல் மூங்கில் தட்டியில் ஏற்றி, ஒரு கை இடைவெளி விட்டு வைக்கிறேன். தண்ணீர் காலையில் மட்டும், சொம்பில், பையின் வாயில். 300 பைக்குச் சொம்பில் ஊற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது, இடுப்பு வலிக்கிறது, அது உண்மை. ஆனால் சொம்போடு குனியும்போது ஒவ்வொரு நாற்றின் அடி இலையும் கண்ணில் படுகிறது. பூவாளியால் ஊற்றிய காலத்தில் நான் நாற்றுகளைப் பார்த்ததே இல்லை, மேலோட்டமாகப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி தெரிந்தால் இலையைக் கிள்ளுவதில்லை. பையையே எடுத்துத் தனியாகக் கொண்டுபோய் வைக்கிறேன், கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த பை.

விற்பதற்கு முன் மூன்று வாரம் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால் அதற்குள் வெளியே வரட்டும் என்றுதான். பருவம் தவறுகிறது, நாற்று முற்றுகிறது என்று வாங்க வந்த இரண்டு பேர் வேறு இடம் போனார்கள். வருத்தம்தான். இருந்தாலும் அந்த மூன்று வாரத்தைக் குறைக்க எனக்கு மனமில்லை.

போன ஐப்பசி

முதல் வருடம் சித்தப்பா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இலையைக் கிள்ளியதையும் சேர்த்து. திண்ணையில் நின்றபடியே சொன்னேன், உட்காரச் சொன்னபோதும் உட்கார முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “எனக்கும் தெரியாம இல்ல, கீழ இலக்காம்பு மட்டும் ஒட்டிட்டு இருந்துச்சு” என்றார். பிறகு சித்தியைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். எண்பது பைக்கான பணத்தை வாங்க மறுத்துவிட்டார். நாற்றாகவே தா, ஆனால் அவசரம் இல்லை, எப்போது உனக்குச் சரி என்று படுகிறதோ அப்போது தா என்றார்.

எனக்குச் சரி என்று பட இரண்டு வருடமாயிற்று. போன ஐப்பசியில் எண்பது பைகளைக் கூடாரத்திலிருந்து எடுத்து வாசலில் வரிசையாக வைத்தேன். சித்தப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, நான் கேட்காமலேயே கையை நீட்டி லென்ஸை வாங்கிக்கொண்டார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஒவ்வொரு பைக்கும் குனிந்து, அடி இலையைத் திருப்பி, காம்பைத் தடவி, எங்காவது வெறும் காம்பு நிற்கிறதா என்று பார்த்து அடுத்ததற்கு நகர்ந்தார். டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் இரண்டு பைகளைத் தனியாக நகர்த்தி வைத்து, “இது ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும் தாயி” என்றார்.

மீதி 78 பைகளை ஏற்றிக்கொண்டு ஜீப் வளைவில் திரும்பிய பிறகு அந்த இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றில் இருந்தது மண் துளி, கட்டைவிரலால் தேய்த்ததும் போய்விட்டது. இன்னொன்றில் இருந்ததைத் தேய்த்தேன். போகவில்லை. உள்ளே போய் டிபன் பாக்ஸையும் ஈரத்துணியையும் எடுத்து வந்தேன்.